வேலிக்கரை இலைகளில் கைமருந்து செய்யப் பழகுவது எப்படி?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் வளவிலும் ஒழுங்கை வேலியிலும் தானாக முளைக்கிற மூலிகைகளைப் பறித்து, தடிமன், இருமல், மூட்டு நோ போன்றவற்றுக்கு வீட்டிலேயே மருந்து செய்யப் பழக வேண்டும். எந்தச் செடியில் தொடங்குவது, என்ன பாத்திரம், என்ன அளவு, எதைத் தொடக்கூடாது?

பலர் நோயைப் பிடித்துக்கொண்டு அதற்கு இலை தேடுகிறார்கள். அப்படித் தேடினால் ஒரு மாதத்தில் ஐம்பது செடியின் பெயர் தெரிந்திருக்கும், ஒன்றைக்கூட வேலியில் அடையாளம் காணத் தெரியாது. இலையைப் பிடியுங்கள். முதல் வருடத்துக்கு ஆறு போதும்: தூதுவளை, முசுட்டை, மொசுமொசுக்கை, வல்லாரை, முடக்கொத்தான், நொச்சி. முதல் ஐந்தும் நாங்கள் வறையாகவும் சம்பலாகவும் ரசமாகவும் தின்கிற இலைகள். அளவு கொஞ்சம் கூடினாலும் வயிறு இளகுவதோடு போய்விடும். நொச்சி வெளிப்பாவனைக்கு மட்டும். முதலில் சமைத்துச் சாப்பிடுவது, அடுத்தது உடம்பின் வெளியே பூசுவதும் ஆவி பிடிப்பதும், கடைசியாகத்தான் காய்ச்சிக் குடிப்பது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். குடிநீரில் இலையின் சத்து பல மடங்கு செறிந்து இறங்குகிறது. செடி மாறினாலோ அளவு பிசகினாலோ அடி விழுவது அங்கேதான்.

அடையாளம் பிடிப்பதற்கு மலிவான பள்ளிக்கூடம் சந்தை. திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி எதுவானாலும் சரி, கீரை விற்கிற அம்மாமாரிடம் கஞ்சிக்கென்று கலந்து கட்டின இலைக்கட்டு ஒன்று வாங்கி வாருங்கள். வீட்டில் கட்டை அவிழ்த்து, பழைய பத்திரிகையில் இனம் இனமாகப் பிரித்து அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கசக்கி மணந்து, முதுகுப்புறத்தைத் தடவிப் பாருங்கள். பெயர் தெரியாததை அடுத்த முறை அவர்களிடமே கேட்கலாம். ஒவ்வோர் இலையையும் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். அதைக் கொப்பியில் ஒட்டி, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதிவையுங்கள்.

வேலியில் பார்க்கும்போது இலை, தண்டு, பூ அல்லது காய் என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும் பறியுங்கள். இலையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

தூதுவளையில் தண்டு, இலைக்காம்பு, இலை நரம்பு எல்லாவற்றிலும் வளைந்த முள் இருக்கும். பூ ஊதா, பழம் சிவப்பு. முடக்கொத்தானுக்கு மூன்று மூலைக் காற்றுப்பை போன்ற காய். முற்றிய காயை உடைத்தால் கறுத்த விதையில் வெள்ளையாக இதய வடிவப் பொட்டு இருக்கும். மொசுமொசுக்கையைத் தொட்டாலே கை சொல்லும். இலையும் தண்டும் சொரசொரவென்று, பற்றிப் படரும் சுருளோடு இருக்கும். பூ சின்னது, மஞ்சள். காய் பழுத்தால் சிவப்பு. முசுட்டையின் இலை இதய வடிவம், முதுகு பட்டுப்போல வெள்ளி நிறத்தில் மினுங்கும், பூ வெள்ளை. சமுத்திரப்பச்சைக்கும் முதுகு வெள்ளிதான். ஆனால் அதன் இலை கையகலத்துக்கும் மேல், பூ இளம் ஊதா. அதைச் சமைக்கக்கூடாது. வல்லாரையில் காம்பு இலையின் பிளவில் வந்து சேரும். காம்பு இலையின் நடுவில் குத்தி நின்றால் அது வல்லாரை இல்லை. நொச்சிக்கு ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து கூரிய இலைகள், முதுகு சாம்பல் நிறம், பூ நீல ஊதா. மணம் கையில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே பறிக்கலாம்

குடாநாட்டில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. கொடிகள் அப்போது முளைத்து, தை மாசியில் செழித்து நிற்கும். சித்திரை வெயிலுக்குப் பிறகு முடக்கொத்தானும் மொசுமொசுக்கையும் பல இடங்களில் கருகிவிடும். ஆக, உலர்த்திச் சேமிக்க வேண்டியதைப் பறிக்கிற காலம் தை நடுவிலிருந்து பங்குனி வரை. பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன், காலை எட்டு மணியை ஒட்டிப் பறிப்பது நல்லது. ஈரத்தோடு பறித்த இலை உலருமுன் கறுக்கும்.

செடி சரியாக இருந்தாலும் இடம் பிழைத்தால் மருந்து பிழைக்கும். கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் கிருமிநாசினி அடிப்பார்கள். காற்றில் வந்த தூவல் வரம்பில் நிற்கிற வல்லாரையிலும் படியும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அதனால் தோட்ட வரம்பில் பறிப்பதில்லை என்று முடிவெடுத்துவிடுங்கள். வேலிக்கரையில் புல் மட்டும் வட்டமாக மஞ்சளித்துக் கிடந்தால் களைநாசினி அடித்திருக்கிறார்கள், அந்த வேலியையும் விடுங்கள். ஏ9 போன்ற பெருந்தெருவின் ஓரம், குப்பை எரித்த இடம், கழிவுநீர் வாய்க்கால் எதுவும் வேண்டாம்.

வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் போடுவதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாரியில் வெள்ளம் நின்ற இடத்தில் எலி மூத்திரம் கலந்திருக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போனது பலருக்கும் நினைவிருக்கும். வெள்ளம் நின்ற இடத்துக்குள் வெறுங்காலோடு இறங்கிப் பறிக்க வேண்டாம், அந்த இலையைப் பச்சையாகத் தின்னவும் வேண்டாம். கிணற்றடியில், மேட்டுப்பாத்தியில் வளர்ந்ததை ஓடும் தண்ணீரில் மூன்று தரம் கழுவி எடுங்கள். உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் புழுவும் அட்டையும் விழும், கிருமி சாகாது. சந்தேகம் என்றால் வறையாகச் சமையுங்கள்.

முகமாலை, பளைப் பக்கமும், நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த வலிகாமம் வடக்குக் காணிகளும் மூலிகைக்கு வளமானவை. ஆனால் மனிதர் நடமாடாத பற்றைக்குள் கண்ணிவெடி அறிவிப்புப் பலகையோ சிவப்புத் தடியோ தெரிந்தால் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். பொதுவாகவும், சருகுக்குள் கை வைக்குமுன் தடியால் தட்டிக் கலையுங்கள். சுருட்டை விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். பாம்பு கடித்தால் எந்த இலையும் மருந்தில்லை. கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வைத்து, 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றே வழி.

பாத்திரம், அளவு

ஒரு கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு, மில்லிலீற்றர் கோடு போட்ட சாடி, அடி கனத்த எவர்சில்வர்ச் சட்டி, பழைய வெள்ளை வேட்டித்துண்டு, மூடி இறுகுகிற கண்ணாடிப் போத்தல். இவ்வளவும் போதும். மண்சட்டி இருந்தால் நல்லது. புதுச்சட்டி என்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவின தண்ணீரை இரண்டு மூன்று தரம் கொதிக்கவிட்டுப் பழக்கியெடுங்கள். அலுமினியத்தில் புளி, தேசிக்காய் சேர்கிறதைக் காய்ச்சாதீர்கள், அமிலம் உலோகத்தைக் கரைக்கும். "ஒரு பிடி" என்று சொல்லிக்கொடுத்தால் ஒருதரமாவது அந்தப் பிடியை நிறுத்துப் பாருங்கள். உங்கள் பிடியும் சொல்லித்தந்த ஆச்சியின் பிடியும் ஒன்றாக இருக்காது.

இலைக்கஞ்சி

முதலில் பழக வேண்டியது இது. இலையைக் கையாளும் முறை முழுவதும் இதற்குள் இருக்கிறது. நாலு பேருக்குச் சிவப்புப் பச்சையரிசி 100 கிராம், வறுத்து உடைத்த பயறு 25 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லீற்றர். இலை எல்லாம் சேர்த்து 100 கிராம்: முசுட்டை 30, வல்லாரை 30, மொசுமொசுக்கை 15, முடக்கொத்தான் 15, முள் நீக்கிய தூதுவளை 10. உள்ளி நாலு பல்லு, மிளகு அரைத் தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி. முதற் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றர்.

அரிசியையும் பயறையும் நன்றாகக் குழைய வேகவிடுங்கள். இலைகளை 200 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து சாற்றை எடுங்கள். தட்டின உள்ளி, மிளகு, சீரகத்தைக் கஞ்சியில் போட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சாற்றை ஊற்றி, மூடாமல் ஒரே ஒரு கொதி. உடனே இறக்கித் தேங்காய்ப்பாலும் உப்பும் சேருங்கள். தேசிப்புளி சட்டிக்குள் விடுவதில்லை, அவரவர் கோப்பைக்குள்தான்.

பிழைப்பது மூன்று இடத்தில். சாற்றை முன்னுக்கே விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால் கஞ்சி காக்கி நிறமாகிக் கைக்கும். மூடிவைத்தாலும் இதேதான், இலையிலிருந்து ஆவியாகிப் போக வேண்டிய அமிலம் திரும்ப உள்ளே விழுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. தேசிப்புளியைக் கொதிக்கிற சட்டியில் விட்டால் நிறமும் கெடும், தேங்காய்ப்பாலும் திரியும். முடக்கொத்தானைக் கூட்டிப்போட்டால் அன்றிரவு வயிற்றால் போகும். முதல்முறை 15 கிராமைத் தாண்டாதீர்கள்.

தூதுவளையும் முசுட்டையும்

தூதுவளையை எல்லோரும் சளிக்கு என்று சொல்கிறார்கள். முள்ளை எடுப்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. இலையின் முதுகைத் திருப்பி, நடு நரம்பில் உள்ள ஒவ்வொரு முள்ளையும் சின்னக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டுங்கள். கையால் பிய்த்தால் முனை உடைந்து அடி நின்றுவிடும், அது தொண்டையில் குத்தும். இருபத்தைந்து இலைக்கு ஒரு தேக்கரண்டி நெய்யை இளஞ்சூட்டில் விட்டு, இலை சுருண்டு நிறம் இருளும்வரை மூன்று நிமிடம் வதக்குங்கள். பிறகு இரண்டு செத்தல் மிளகாய், ஐந்து சின்ன வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து அம்மியில் அரைத்தால் சம்பல். வாரத்தில் இரண்டு நாள் சோற்றோடு. வதக்காமல் அரைத்தால் கசப்பு மேலோங்கும், மிச்சமிருந்த முள்ளும் இளகாது. பச்சைக்காயைச் சேர்க்க வேண்டாம். சுண்டங்கத்தரி இனத்துச் செடி இது, காயில் நச்சுத்தன்மை கூட.

முசுட்டை வறையில் வெட்டுத்தான் எல்லாம். இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுகச் சுருட்டி, கூரிய கத்தியால் மயிர்போல அரிய வேண்டும். தடிப்பாக வெட்டினால் முதுகின் பட்டு மயிர் நாக்கில் கரகரக்கும். வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து, இலையைப் போட்டு நாலு நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூவைக் கடைசியில் தூவி இறக்குங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். மலச்சிக்கலுக்கு இதைவிட இதமான இலை இல்லை என்பது என் எண்ணம். கடையில் பேணியில் வாங்குகிற பேதித்தூளை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

பிரண்டையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. அதன் தண்டுக்குள் ஊசிபோன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள் உண்டு, கையிலும் தொண்டையிலும் அரிப்பது அதனால்தான். கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, நுனியிலிருந்து மூன்று கணு மட்டும் முறித்து, விளிம்பு நாரை உரித்து, எண்ணெயில் பொன்னிறம் வரும்வரை வதக்கிப் புளியோடு அரைத்தால் அரிப்பு அடங்கும். அரைகுறையாக வதக்கினால் அடங்காது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

நொச்சி ஆவி

மூக்கடைப்புக்கும் தடிமனுக்கும் நொச்சியிலை 50 கிராம், வேப்பிலை ஒரு சிறு கொத்து, தேசியிலை பத்து, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு லீற்றர். மூடி மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அடுப்பில் இருக்கும்போது தலையைக் குனியக் கூடாது. கதிரையில் இருந்து மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது. சட்டியை நிலத்தில், ஈரத்துணி விரித்த இடத்தில் ஆடாமல் வைத்து, கண்ணை மூடி, ஒரு முழத் தூரத்தில் முகத்தைப் பிடித்து, போர்வைக்குள் ஐந்து நிமிடம் இருங்கள். பொறுக்கமுடியாத சூடு என்றால் போர்வையை விலக்குங்கள், அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. குழந்தைகளுக்குப் போர்வை ஆவி வேண்டவே வேண்டாம், சட்டி சரிந்து வெந்துபோவது ஆவி பிடிப்பதில் நடக்கிற பெரிய விபத்து. கற்பூரத்தை இதில் போடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது வலிப்பை வரவழைக்கும்.

நொச்சி எண்ணெய்

மூட்டு நோவுக்கும் கால் உளைவுக்கும் பூசுகிற எண்ணெய் இது. இரண்டாவது மாதத்தில் இதைப் பழகலாம். எண்ணெய் காய்ச்சுவதில் பதம் பிடிபட்டால் மற்ற எண்ணெய்கள் எல்லாம் இதே வழிதான்.

நல்லெண்ணெய் அரை லீற்றர். நொச்சியிலை 750 கிராமைச் சிறிது தண்ணீர் தெளித்து இடித்துப் பிழிந்து, அரை லீற்றர் சாறு எடுங்கள். வேர்க்கொம்பு (சுக்கு) 30 கிராம், நற்சீரகம் 20 கிராம், இரண்டையும் தண்ணீர் விட்டு அம்மியில் விழுதாக அரையுங்கள். சட்டி பெரிதாக இருக்கட்டும், மூன்றும் சேர்ந்து அரைச்சட்டிக்கு மேல் வரக்கூடாது. சாறு கொதிக்கும்போது பொங்கி வழிந்து அடுப்பில் பட்டால் தீப்பிடிக்கும்.

எண்ணெயும் சாறும் விழுதும் ஒன்றாக விட்டு மிதமான நெருப்பில் வையுங்கள். முதல் அரை மணித்தியாலம் பெருங்குமிழியாகச் சடசடக்கும். அகப்பையால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள், அடியில் பிடித்த விழுது கருகினால் எண்ணெய் முழுவதும் தீய்ந்த மணம் ஏறும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் குறையும், குமிழி சிறிதாகி நுரை மேலெழும். அப்போதிலிருந்து கண் எடுக்காதீர்கள். அகப்பையில் கொஞ்சம் கசடை எடுத்து ஆறவைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். சேறுபோல ஒட்டினால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. ஒட்டாமல் திரிபோல உருண்டு வந்தால் மெழுகுபதம், அதுதான் வேண்டியது. மணலாக உதிர்ந்தால் மிஞ்சிவிட்டது. இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: கசட்டைத் தொட்ட பஞ்சுத்திரியை நெருப்பில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். வெடித்தால் ஈரம் இருக்கிறது.

மெழுகுபதத்தில் இறக்கி, கைபொறுக்கிற சூட்டில் காய்ந்த துணியில் வடித்து, வெயிலில் காய்ந்த போத்தலில் விடுங்கள். சட்டியின் சூடு இறக்கிய பிறகும் வேகவைக்கும் என்பதால், மெழுகுபதத்துக்குச் சற்று முன்னே இறக்குபவர்களும் உண்டு. பழகும்வரை அதைச் செய்யாதீர்கள், ஈரம் நின்ற எண்ணெய் இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். சரியாகக் காய்ந்தது ஆறு மாதம் இருக்கும். சிக்கு மணம் வந்தால் கொட்டிவிடுங்கள். முதல்முறை பூசுமுன் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். புண், வெட்டுக்காயம், தீக்காயம், கண் எதிலும் எந்த இலைச்சாறோ எண்ணெயோ போட வேண்டாம்.

குடிநீர்

மல்லித்தண்ணியில் தொடங்குங்கள். இதில் பறித்த இலை ஒன்றுமில்லை, ஆனாலும் கை பழக வேண்டும். மல்லி 15 கிராமை மணம் வரும்வரை மட்டும் வறுத்து, வேர்க்கொம்பு 5 கிராம் தட்டிப்போட்டு, 600 மில்லிலீற்றர் தண்ணீரை 300 ஆக வற்றவைத்து வடியுங்கள். மல்லி கறுக்க வறுபட்டால் கசக்கும்.

எங்கள் நாட்டு வைத்திய முறையில் குடிநீர்ச் சரக்கு பன்னிரண்டு கழஞ்சு, அதாவது 60 கிராம். அதை 1920 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு 240 ஆக வற்றவைப்பது, எட்டொன்றாய்க் காய்ச்சுவது, வழக்கம். இது வைத்தியர் நோயாளியைப் பார்த்து எழுதிக்கொடுக்கிற அளவு. வீட்டில் அந்தச் செறிவு தேவையில்லை. பெருநெருப்பில் விரைவாக வற்றவைத்தால் சத்து இறங்குமுன் தண்ணீர் போய்விடும். மெல்லிய கொதியில் முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். காய்ச்சியது அன்றைக்கு மட்டும். பிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளுக்கு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாம் வருடம், இருமலுக்குக் காய்ச்சுகிற ஆடாதோடைக்குப் போகலாம். முற்றின இலை மூன்று, திற்பலி (திப்பிலி) இரண்டு, தண்ணீர் 400 மில்லிலீற்றர், நூறாக வற்றவைத்து, காலையும் மாலையும் பாதிப்பாதியாக, பெரியவர்களுக்கு மூன்று நாள். கூடினால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். கர்ப்பிணிகள் வாயில் வைக்கக்கூடாது, இதில் உள்ள வசிசின் கருப்பையைச் சுருங்கச்செய்யும். தேன் கலந்து கொடுக்கிற எதுவும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. மூன்று நாளில் இருமல் குறையவில்லை, சளியில் இரத்தம், மூச்சு இழுப்பு, இரண்டு கிழமை தாண்டின இருமல் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். காசநோய் இலையில் தீராது.

நீரிழிவுக்குக் குறிஞ்சா என்று கேட்காத ஆள் இல்லை. குறிஞ்சா என்று ஊரில் இரண்டு கொடிகளைச் சொல்வார்கள். சிறுகுறிஞ்சாவை அறிய எளிய வழி: ஓர் இலையை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டுச் சீனியை நாக்கில் போடுங்கள், மண் தின்பதுபோல இருக்கும். மற்றது அப்படிச் செய்யாது. வறையாகத் தின்பது வேறு, தூளாக்கி நாளும் குடிப்பது வேறு. கிளிக்கிளாசைட்டோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கிவிழலாம். வைத்தியருக்குச் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

மஞ்சட்காமாலைக்கு என்று சொல்கிற கீழ்க்காய்நெல்லியும் இப்படித்தான். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய், காய்க்குச் சின்னக் காம்பு, தோல் மழமழப்பு. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டி, சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம். செடி சரியானாலும், கண் மஞ்சளித்த ஆளுக்கு இதை அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருத்தக்கூடாது. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும், அதில் ஒரு நாள் தாமதம் உயிருக்கு வினை. காய்ச்சல் என்றால் டெங்கு இல்லையென்று இரத்தம் சோதித்துத் தெரியுமுன் எந்தக் கைமருந்தையும் நம்பி இருக்க வேண்டாம். மாரி முடிகிற மாதங்களில் இது இன்னும் கண்டிப்பு.

தொடக்கூடாதவை

கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு. இலை நுனி சுருண்டு கொழுகொம்பைப் பற்றும், கார்த்திகை மாதம் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். பூ வாடின பிறகு கிழங்கைத் தோண்டினால் தின்கிற கிழங்கோடு குழப்பிவிடலாம். கொல்சிசின் என்ற நஞ்சு: சில மணித்தியாலத்தில் சத்தியும் வயிற்றோட்டமும், நாலைந்து நாளில் எலும்பு மச்சை செயலிழப்பு. மஞ்சள் அலரி: விதை இதயத்தின் துடிப்பையே குழப்பும், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிகள் 1980களிலிருந்து இதோடு போராடுகின்றன. ஊமத்தை, நேர்வாளம், குண்டுமணி விதை மூன்றையும் சுத்திசெய்து மருந்தாக்குவது படித்த சித்த வைத்தியர்களின் வேலை, வீட்டு அம்மியில் இல்லை. எருக்கலைப் பால் கண்ணில் தெறித்தால் நோவு தெரியாமலே கருவிழி கெடும்.

மேலே சொன்னவை நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயம் கூட, மெதுவாகக் கொல்கிறவற்றில்தான். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் பழைய வைத்தியத்தில் உண்டு. அவற்றில் இருக்கிற அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்து, பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று ஐயமில்லாமல் தெரிந்த விடயம். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இனங்களின் அல்கலொயிட்டுகள் ஈரலைக் கெடுக்கின்றன. குடித்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் "பரம்பரையாகக் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு இவற்றுக்குப் பொருந்தாது.

செய்ததை வீட்டாருக்கு மட்டும் கொடுங்கள். பதிவில்லாமல் பிறருக்கு வைத்தியம் பார்ப்பதை 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. படித்துப் பழக வேண்டுமென்றால் கைதடியில் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வியும் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பக்கத்துப் பிரதேச சபையின் சித்த மருந்தகத்தில் உள்ள வைத்தியரிடம் ஒரு கிளையோடு போய், "இது நொச்சிதானே?" என்று கேளுங்கள். செடியை உறுதிசெய்ய அதுபோல வழி வேறில்லை.

உலர்த்துவதும் நடுவதும்

சேமிக்கிற இலையை வெயிலில் போடாதீர்கள், நிறமும் மணமும் ஓடிவிடும். சுளகிலோ நுளம்புவலையிலோ ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் தை மாசியில் ஐந்தாறு நாளில் காயும். பிடித்து நசுக்கினால் சத்தத்தோடு நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். ஒரு கிலோ பச்சை இலை 200 கிராமுக்குக் கீழேதான் வரும். போத்தலில் செடியின் பெயர், இடம், திகதி எழுதி ஒட்டுங்கள். தூளாக்கினது மூன்று மாதம், முழு இலை ஆறு மாதம். மாரியில் உலர்த்த முயலவே வேண்டாம், மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும்.

ஒரு செடியை உறுதிசெய்தபின் ஒவ்வொருமுறையும் ஒழுங்கையில் தேடாமல் வளவிலேயே வைத்துவிடுங்கள். நொச்சிக்கும் ஆடாதோடைக்கும் பென்சில் தடிப்பான ஓரடித் தடி, இரண்டு கணு மண்ணுக்குள், புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடிக்கும். ஆடாதோடையை வேலியாக ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள், ஆடு தின்னாது. தூதுவளையின் சிவந்த பழத்தைச் சாம்பலில் பிசைந்து நிழலில் காயவிட்டு விதையெடுத்து, கிளுவை வேலியடியில் ஊன்றலாம். முள் உள்ளதால் பிள்ளைகள் ஓடித்திரிகிற பக்கம் வேண்டாம். வல்லாரைக்குக் கிணற்றடியில் தண்ணீர் தேங்காமல் ஓடுகிற பாத்தியும் அரைநிழலும் போதும். சவர்க்காரத் தண்ணீர் பாய்கிற வாய்க்காலுக்கு மற்றப் பக்கம் பார்த்து வையுங்கள்.